சாதிச் சான்றிதழோடு டர்பனுக்கு

சாதிச் சான்றிதழைக் கடல் தாண்டிக் கொண்டுபோன ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் என்னுடையது இல்லை, செத்துப்போன அண்ணனுடையது. லேமினேட் வேறு செய்தது.

தப்பு என்னுடையது மட்டும் இல்லை. ஐயம்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார்: "கவர்மெண்ட் ஆபீஸ் வேலைன்னா கம்யூனிட்டி சர்டிபிகேட் இல்லாம ஒண்ணும் நகராதுபா. எந்த நாடா இருந்தா இன்னா, ஆபீஸு ஆபீஸுதானே." அம்மா உடனே பீரோவில் இருந்த பிளாஸ்டிக் பையை அப்படியே என் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சீட்டு, அண்ணனின் டி.சி., சாதிச் சான்றிதழ். நான் எட்டாவதோடு நின்றவன். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆபீஸ் விஷயத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னால் எனக்கு அது கோர்ட்டு தீர்ப்பு.

போன வேலை இதுதான். என் அண்ணன் சாமுவேல், வீட்டில் சாமு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டராக இருந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஓட்டல் வாசலில் ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் போன் பேசிக்கொண்டே ரோட்டைத் தாண்டுபவன். ஒழுங்காக வண்டி ஓட்டுகிற ஊரில் போய்ச் செத்தான். அங்கேயே அடக்கம் பண்ணிவிடலாமா என்று போனில் கேட்டார்கள். அம்மா அழுகையோடு அழுகையாகச் சரி என்றாள். பிறகு மனசு மாறிவிட்டது. "அவன எடுத்துக்கினு வந்து உங்கப்பா பக்கத்துல வைடா" என்பாள். காலையில் அதுதான், ராத்திரியும் அதுதான். புதைத்த உடலை எடுக்க வேண்டுமானால் கூடப்பிறந்தவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தகவல் வந்தது. விசா, டிக்கெட் கதையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்களுக்கும் நெஞ்சு வலிக்கும். விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதிகாரி எதற்கு வந்திருக்கிறாய் என்று கேட்டார். அண்ணனைப் பார்க்க என்றேன். அண்ணன் எங்கே தங்கியிருக்கிறார் என்றார். கல்லறையில் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் "நோ பிராப்ளம்" என்றேன். என் இங்கிலீஷ் கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்டது. டெம்பிள், சில்க், குட் பிரைஸ், நோ பிராப்ளம். துக்கத்துக்கு அதில் வார்த்தை கிடையாது. அங்கே எல்லோரும் பேசியது இங்கிலீஷ்தான். எனக்குப் புரிந்ததை நம் பாஷையில் எழுதுகிறேன். புரியாததை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அழைக்க வந்தவர் ஓட்டல் முதலாளி, தேவி மூட்லி. எழுபதை நெருங்கும் அம்மா. அங்கே வயசில் பெரியவர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் முதலிதான் கப்பலேறி மூட்லி ஆகியிருக்கிறது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். நான் வழக்கப்படி காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஆன்ட்டி கண்ணாடியில் பார்த்து, "நான் என்ன உன் டிரைவரா, முன்னால் வா" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் என் கால் தானாகச் சுவரோரமாகப் பின்பக்கம் நடந்தது. அந்தப் பேர் இருக்கிற வீட்டுக்குள் முன் வாசல் வழியாக நான் போனதில்லை.

"எங்கே போகிறாய்?"

"பின்வாசலுக்கு."

"அங்கே நாய் இருக்கிறது. கடிக்கும். இப்படி வா."

நாய் இருப்பதால் முன் வாசல் வழியாகப் போனேன். எப்படியோ போய்விட்டேன்.

டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன், உங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமா என்று. ஆன்ட்டி சிரித்தார். "கரும்பு வெட்டக் கூட்டி வந்த ஆள்தானப்பா. கப்பல் ஏறும்போது யாராக இருந்தாரோ கடவுளுக்குத் தெரியும். இறங்கும்போது கிளார்க் கேட்டிருக்கிறான், இவர் மூட்லி என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்." அடேயப்பா. வி.ஏ.ஓ. இல்லை, ஆர்.ஐ. இல்லை, தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் மூன்று நாள் உட்கார வேண்டியதில்லை. அப்படி ஒரு கப்பல் ஓடியிருக்கிறது. இப்போது ஓடுவதில்லையாம்.

காஞ்சிபுரத்துக்காரன் என்றதும் ஆன்ட்டி பீரோவைத் திறந்து ஒரு புடவையை என் மடியில் போட்டு, அசல்தானா பார்த்துச் சொல் என்றார். ஊரில் எல்லோரும் தறியோடு பிறக்கிறார்கள் என்று நினைப்பு. எங்கள் காலனியில் தறி கிடையாது. அப்பா வயல்கூலி, பிறகு செங்கல் சூளை. ஆனாலும் ஷேர் ஆட்டோவில் புடவை மூட்டையோடு வருகிறவர்களைத் தினம் பார்க்கிறேன் அல்லவா. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, பாலியஸ்டர். "பியூர், ஆன்ட்டி" என்றேன். வாங்கிக் குடித்த டீக்கு என்னால் முடிந்தது.

சாயங்காலம் ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். வாசலில் பலகையில் 'காஞ்சிபுரம் டெம்பிள் இட்லி' என்று பெரிதாக எழுதியிருந்தது. அண்ணன் ஆரம்பித்த ஐட்டமாம். மடப்பள்ளியை வாழ்நாளில் எட்டிப் பார்க்காத கிறிஸ்தவப் பையன். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, பெருமாள் பிரசாதத்தை ஆப்பிரிக்காவுக்கே ஊட்டியிருக்கிறான். நன்றாக ஓடுகிறதாம்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெந்துக்கினு இருக்குதுபா, கத்தாத."

 அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அந்த 'பா'வை இழுக்கிற இழுப்பு, 'கத்தாத'வில் வருகிற சலிப்பு, எல்லாம் சாமு. எட்டிப் பார்த்தால் ஆறடி உயரத்தில் ஒரு கறுப்பின இளைஞன் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தான். பேர் சிபோ. நாலு வருஷம் அண்ணன் பக்கத்துக் கல்லில் நின்றவன். அண்ணன் அவனுக்குத் தோசையோடு சேர்த்து எங்கள் காலனிப் பேச்சையும் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். அதில் பாதி இங்கே எழுத முடியாத வார்த்தைகள். சிபோ என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்தான்.

"இன்னா தம்பி, சாப்டியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் ஓட்டலுக்கு வந்தவர்கள் இட்லியில் ஏதோ கோளாறு என்று எழுந்து போயிருப்பார்கள்.

திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்து ஆபீஸ். வெளிவாசல் பக்கத்திலேயே சின்னக் கட்டடம். சிவப்பு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கறுப்பின அம்மா மேசையில் இருந்தார். நீ தம்பிதான் என்பதற்கு ஆதாரம் கொடு என்றார். நான் ஜெராக்ஸ் கடைக்காரரை மனசில் கும்பிட்டுக்கொண்டு பிளாஸ்டிக் பையில் மேலாக இருந்ததை எடுத்து நீட்டினேன். மேலாக இருந்தது சாதிச் சான்றிதழ்.

அவர் இங்கிலீஷ் பக்கத்தை மெதுவாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது என்ன?"

"என் அண்ணன் எந்தச் சாதி என்று அரசாங்கம் கொடுத்தது, மேடம்."

"இப்போதா? இந்தக் காலத்திலா?"

"ஆமாம் மேடம். கோபுர சீல் இருக்கிறது பாருங்கள்."

அவர் உள்ளே இருந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்களிடமும் இப்படி ஒன்று இருந்தது, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு ஆளையும் ஒரு இனம் என்று பதிந்து வைத்திருந்தான் என்றார். வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், யாரைக் கட்டலாம் எல்லாம் அதை வைத்துத்தான். அதில் எழுதியது பிடிக்காவிட்டால் மனுப் போடலாமாம். ஒரு குழு உட்கார்ந்து மூக்கைப் பார்த்து, முடியைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து இனத்தை மாற்றிக் கொடுக்குமாம். கலப்பினத்தாராகப் படுத்தவன் வெள்ளைக்காரனாக எழுந்திருப்பான். ஆனால் அதற்கு மேல் சொந்த அம்மா வீட்டுக்குப் போனால் ஆபத்து.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் பெரியப்பா வீடு இந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள். நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தில் ஒரு பட்டியல், இந்தப் பக்கம் வேறு பட்டியல். பெரியப்பா பையனுக்குக் கிடைக்கிற உதவித்தொகை எங்களுக்குக் கிடையாது. ஊர்த்தெருக்காரர்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டு வீட்டாரையும் ஒரே இடத்தில்தான் நிற்க வைப்பார்கள்.

கடைசியில் ஞானஸ்நானச் சீட்டில் காரியம் முடிந்தது. அவர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் நடுவில் நாலு கட்டம்: கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர். டிக் அடிக்க வேண்டும்.

"மேடம், அதான் போய்விட்டது என்றீர்களே."

"இது அந்த மாதிரி இல்லை. அப்போது நடந்த அநியாயத்தைச் சரிபண்ணக் கணக்கு வேண்டுமல்லவா, அதற்கு."

"எங்களுடையதும் அதற்குத்தான் மேடம்."

 அவர்தான் முதலில் சிரித்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு, சான்றிதழை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் தாலுக்கா ஆபீஸில் அதைத் தூக்கித்தான் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கல்லறையைப் பார்க்கப் போனேன். சிபோ வாசலில் காத்திருப்பதாகச் சொன்னதால் தனியாகக் கிளம்பினேன். அங்கே நம் ஷேர் ஆட்டோ மாதிரியே வேன் ஓடுகிறது, அதற்கு டாக்சி என்று பேர். நான் தொழில்காரன், எனக்கா தெரியாது. எங்கள் ரூட்டில் ஒரு ஆள் என்றால் ஒரு விரலை மேலே காட்டுவோம். காட்டினேன். சர்ரென்று ஒரு வேன் வந்து அள்ளிப் போட்டுக்கொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து நடு டவுனில் இறக்கிவிட்டார்கள். அங்கே விரலை மேலே காட்டினால் டவுனுக்குப் போகணும் என்று அர்த்தமாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விரல் சாடை. ஒரு ஆள் என்பதற்குச் சாடையே இல்லை. ஒரு ஆள் வந்து நின்றாலே ஒரு ஆள்தானே என்று டிரைவர் என்னையே கேட்டார். 

போய்ச் சேர்ந்தபோது சிபோ வெளிவாசலில் உட்கார்ந்திருந்தான். "இன்னாபா, இம்மா நேரம்?" என்றான்.  அந்தக் குரலுக்குப் பழக எனக்கு அந்த வாரம் பத்தவில்லை.

உள்ளே தார் ரோடு நேராகப் போகிறது. மேட்டில் பெரிய மரங்கள், பளிங்குத் தேவதைகள், தூரத்தில் கடல். அது அந்தக் காலத்தில் வெள்ளையர் பகுதி. இறக்கத்தில் ஓடை ஓரமாக இந்தியர், அதற்கு அப்பால் கலப்பினத்தார். வேலிக்கு வெளியே, பேரே இல்லாமல் நம்பர் அடித்த தகடுகளோடு கறுப்பர். செத்த பிறகும் யாரும் யாரோடும் கலந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. சட்டம் போய்விட்டது, பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். புதைபட்டவர்கள் மட்டும் எழுந்து மாறி உட்காரவில்லை.

நான் பாட்டுக்கு ஓடைப் பக்கம் இறங்கினேன். சிபோ தோளைப் பிடித்துத் திருப்பி மேட்டைக் காட்டினான்.

அண்ணன் அங்கேதான் இருந்தான். ஒரு பெரிய மரத்தடியில். கல் இன்னும் வைக்கவில்லை, மரச்சிலுவையில் பேர் மட்டும். பக்கத்தில் மார்கரெட் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, அன்பான மனைவி என்று கல்லில் போட்டிருந்தது. அது அவள் புருஷனுக்காக வாங்கி வைத்த இடமாம். புருஷனும் பிள்ளைகளும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழே இந்தியர் பகுதியில் இடமே இல்லாததால் ஆபீஸ் அம்மா இதைக் கொடுத்திருக்கிறார்.

சிபோ சொன்னான், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரியும் வேறு இனத்து ஆம்பிளையும் ஒரே வீட்டில் படுத்தால் ஜெயில். போலீஸ் டார்ச் அடித்துக்கொண்டு வந்து மெத்தைச் சூட்டைத் தொட்டுப் பார்ப்பானாம். நான் சாமுவையும் மார்கரெட்டையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சூடும் இல்லை. எந்தப் போலீஸாலும் கேஸ் போட முடியாது.

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நான் அங்கே இரண்டு மணி நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அது வேண்டாம்.

புதன்கிழமை ஓட்டலுக்கு லீவு. கறுப்பர்களுக்குப் பாஸ் கொடுத்த பழைய ஆபீஸை இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்கள், சிபோ கூட்டிப் போனான். டவுனில் வேலை செய்ய ஒரு பாஸ், தங்க ஒரு பாஸ். இல்லாவிட்டால் சொந்த நாட்டில் ஜெயில். அந்த ஆபீஸை நடத்தப் பணம் எங்கிருந்து என்றால், நகராட்சி கறுப்பர்களுக்குப் பீர் விற்றதாம். வேறு யாரும் விற்கக் கூடாது. அவர்கள் குடித்த காசிலேயே அவர்களை அடக்கியிருக்கிறார்கள். எங்களூர் ஒயின் ஷாப் வாசல் ஞாபகம் வந்தது. நல்ல யோசனை எந்த நாட்டிலும் வீண்போகாது.

"எங்கப்பா அந்தப் பாஸ் புத்தகத்தைக் குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போவார். நனையாமல் பிளாஸ்டிக் கவரில்" என்றான் சிபோ. நான் என் கக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

மத்தியானம் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து பன்னி சௌ சாப்பிட்டோம். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பன்றி இல்லை. பாதி பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருகிறார்கள். கறுப்பர்கள் ஓட்டலுக்குள் உட்காரக் கூடாது என்பதால் பின் ஜன்னல் வழியாகக் கையில் கொடுக்கக் கண்டுபிடித்த சாப்பாடு என்று ஒரு கதை. தட்டு வேண்டாம், டம்ளர் வேண்டாம், பாத்திரமே பிரெட்டு, அதையும் தின்றுவிடலாம். எங்களூர் டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர் வைத்து, நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அப்பா காலத்தில் எவ்வளவு சிரமப்பட்டார்கள். இந்த யோசனை மட்டும் தெரிந்திருந்தால் டம்ளர் செலவு மிச்சம்.

சாயங்காலம் ஆன்ட்டி வீட்டில் பேச்சு அங்கேயே சுற்றியது. சிபோ மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் தன் முடியில் செருகிக் குனிந்தான். பென்சில் விழவில்லை. "நான் கறுப்பன், பாஸ்" என்றான். சந்தேகக் கேஸ் வந்தால் இப்படித்தான் முடியில் பென்சில் விட்டுப் பார்ப்பார்களாம். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு. என் தலையில் செருகினான். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"சாமு தலையில் நிற்கும்" என்றேன். அவனுக்கு அப்பா மாதிரி சுருட்டை.

"அப்போது நீ இந்த ஏரியா, அவன் அந்த ஏரியா" என்றார் ஆன்ட்டி. "சிரிக்காதே. அப்படிப் பிரிந்த வீடு எனக்கே தெரியும்." அவர்கள் வீடும் வாழைத்தோட்டமும் இருந்த மேடு ஒருநாள் வெள்ளையர் ஏரியா என்று காகிதம் வந்ததாம். புல்டோசர் விட்டு இடித்துவிட்டு, ரொம்ப வருஷம் அங்கே ஒன்றுமே கட்டவில்லையாம். புல்தான் வளர்ந்ததாம். "புல்லுக்காக எங்களைத் துரத்தினான்" என்றார்.

எங்களூரில் பென்சில் செலவே இல்லை என்று சொன்னேன். என் ஆட்டோவில் ஏறுகிறவர் முதலில் கேட்பது, எந்தப் பக்கம் தம்பி வீடு என்பதுதான். ஏரிப் பக்கம் என்று சொன்னால் முடிந்தது. தலையைத் தொட வேண்டிய அசிங்கம் இல்லை.

வியாழக்கிழமை சிபோ தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் ஊர் உம்லாசி. டாக்சியில் போய்க்கொண்டே இருந்தோம். கறுப்பர்களை டவுனுக்குள் வைக்கக் கூடாதென்று அவ்வளவு தள்ளி ஊரை வைத்திருக்கிறார்கள். நான், உங்களுக்கு எல்லாம் ஒழிந்துவிட்டது, கொடுத்து வைத்தவர்கள் என்றேன். அவன் ஜன்னலைக் காட்டினான். "காகிதத்தைக் கிழித்தார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் டவுனில் யாரும் வைக்கவில்லை. தினமும் ரெண்டு டாக்சி மாறிப்போய்த்தான் உன் அண்ணனோடு தோசை ஊற்றினேன்."

"உங்களுக்குக் கிழிக்க ஒரு காகிதமாவது இருந்ததே" என்றேன்.

புரியவில்லை என்றான். அப்போதுதான் அப்பா செத்த கதையைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்ல வேண்டி வந்ததில்லை.

எங்கள் காலனியிலிருந்து எங்கள் கல்லறைக்குப் போக ஒரே ரோடுதான், அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அரசாங்க ரோடு. எங்களைப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தடுத்தால்தான் கேஸ். அதனால் யாரும் தடுப்பதில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்தது என்று தெரிந்ததும் அவர்கள் தெருவில் பாவு போட்டுவிடுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள், அதுதான் பாவு. இடுப்பு உயரத்தில் தெரு முழுக்க நூல். அப்பா செத்தது கார்த்திகை மழையில். தூறிக்கொண்டிருந்தது. நனைந்தால் பட்டுப்பாவு போச்சு என்று எங்களூர் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் போட்டிருந்தார்கள். தெருமுனையில் ஒருத்தர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "பாவு போட்டிருக்குதுபா. பொணம் தூக்கினு பூந்தா அறுந்துடும். ஏழைங்க பொழப்பு. சுத்திக்கினு போயிடுங்க."

சுற்று வழி ஏரிக்கால்வாய். தண்ணீர் மார்பு வரைக்கும். முன்னால் சாமு, பின்னால் நான். பாடை சாய்ந்து அப்பாவின் கால் நனைந்தது. பெண்கள் எங்கள் வழக்கப்படி காலனித் தெருமுனையோடு நின்றுவிட்டதால் அம்மா இதைப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி ஈரவேட்டியைப் பிழிந்துகொண்டே சாமு சொன்னான்: "நான் செத்தா என்ன அந்தத் தண்ணியில எறக்காதடா." அடுத்த வருஷம் பாஸ்போர்ட் எடுத்தான். அம்மாவிடம் நான் இதைச் சொன்னதில்லை. எட்டு மாதமாக அப்பா பக்கத்தில் வை என்று அவள் கேட்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

 சிபோ கேட்டான், "நூலா? வெறும் நூலா?"

"பட்டு நூல்" என்றேன். காஞ்சிபுரத்து மானத்தை விட்டுக்கொடுக்க முடியுமா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றேன். பிளாஸ்டிக் பையில் படிவம் இருந்தது. நாலு கட்டத்தில் ஒன்றை டிக் அடித்திருந்தேன், கையெழுத்து மட்டும் பாக்கி. சிபோ கூட வந்திருந்தான். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மத்தியானம். ஏதாவது பொய் சொல்லலாம், ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கையெழுத்து போட்டியாடா?"

"இன்னும் இல்லமா."

"ஏன்டா? எங்கடா இருக்குறான் எம்புள்ள, மொதல்ல காட்டு."

மேட்டின் பக்கம் போனைத் திருப்பினேன். அந்த மரத்தடியில் என்றேன். அம்மா முகத்தை போனுக்குள் விட்டுப் பார்த்தாள்.

"பக்கத்துல கல்லு தெரியுது. யாரு அது?"

"ஒரு வெள்ளக்காரம்மா."

 அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல.

"அவுங்க ஆளுங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லலமா. அவுங்கதான் எடத்த விட்டுட்டுப் போனாங்க."

"சும்மா சொல்லாத. எந்த வழியா எடுத்துக்கினு போனாங்க அவன? கால்வாய் வழியாவா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கால்வாய் விஷயம் அவளுக்குத் தெரியும் என்று. எத்தனை வருஷமாகத் தெரியுமோ.  சிபோதான் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"இல்லம்மா. மெயின் கேட்டு வழியா. நேரா. நான் முன்னால புடிச்சிக்கினு போனேன்."

அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"யாருடா அது? சாமு மாதிரியே பேசறான்."

"சாமு கூட வேல செஞ்சவருமா. சிபோ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டே இருந்தோம். ஆபீஸ் ஜன்னலிலிருந்து சிவப்புக் கண்ணாடி அம்மா எட்டிப் பார்த்தார், மணியைக் காட்டவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு அம்மா தெருமுனை வரைக்கும்தான் வந்தாள். சாமுவின் அடக்கத்துக்கு அதுவும் இல்லை.

"டேனி" என்றாள் அம்மா.

"சொல்லுமா."

"அந்தக் கேட்டுலேர்ந்து நட. போன நேரா புடி. நானும் வரேன்."

கையெழுத்துப் போடாமலே படிவத்தை மடித்துச் சாதிச் சான்றிதழுக்கு அடியில் வைத்துப் பையை மூடினேன். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளிவாசலுக்குள் நுழைந்தேன். சிபோ எனக்கு முன்னால் நடந்தான், அடக்கத்தன்று நடந்த மாதிரியே இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. நடு ரோட்டில் நடந்தோம்.

"ரோடு நல்லா இருக்குதுடா" என்றாள் அம்மா.

"ம்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

"குறுக்க பாவு கீவு ஒண்ணும் போடலியே?"

"இல்லமா."

"அப்ப மெதுவாவே நட."